தார் ஏன் தண்ணீருக்கு மசிவதில்லை?

சித்திரை, வைகாசி மாதங்களில் தஞ்சை மாவட்டத்துச் சாலைகளில் போயிருக்கிறீர்களா? அறுவடை முடிந்த வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வாய்க்கால்களில் தண்ணீர் இராது. சாலை போடுகிறவர்களுக்கு இதுதான் நல்ல காலம். ஈரக் கல்லில் தார் பிடிக்காது. ஆகவே மழைக்கு முன்பே வேலையை முடித்தாக வேண்டும். காவிரிப் படுகை முழுவதும் ஆற்று வண்டல். தோண்டினால் களிமண்ணும் மணலும் கிடைக்குமே தவிர, கல் கிடைக்காது. பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. சாலைக்கு வேண்டிய ஜல்லியும் அப்படித்தான் லாரியில் வருகிறது. அந்த ஜல்லியைத் தாரோடு கலந்து, சுடச்சுடக் கொட்டிப் பரப்பி, மேலே ரோடு ரோலரை ஓட்டுகிறார்கள்.

அப்படிப்பட்ட புதுச் சாலையில் போய்விட்டு வந்த கார் ஒன்றைச் சுற்றிவந்து பாருங்கள். சக்கரங்களுக்குப் பின்னால், கதவின் கீழ்ப்பகுதியில், மிளகைத் தூவினாற்போல் கரும்புள்ளிகள் தெரியும். சக்கரத்தின் உலோக வளையத்திலும் சில ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் அசையாது. சோப்புப் போட்டாலும் அசையாது. நகத்தால் சுரண்டினால் தாரோடு சேர்ந்து வண்ணமும் வந்துவிடும். வெள்ளைக் காராக இருந்து, அதுவும் புதிதாக இருந்துவிட்டால், வீட்டில் ஒரு சண்டையே நடக்கும்!

புள்ளிகள் ஏன் குறிப்பாகச் சக்கரத்துக்குப் பின்னால் விழுகின்றன? கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றுகிறீர்கள். கயிறு அறுந்தால் கல் எந்தப் பக்கம் போகும்? அந்தக் கணத்தில் எத்திசையில் போய்க்கொண்டிருந்ததோ அத்திசையில், வட்டத்தின் தொடுகோட்டில் நேராகப் போகும். டயரில் ஒட்டிய தார்த் துணுக்கின் கதையும் அதுதான். கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போவதாகவும், சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்துப் பாருங்கள். துணுக்கை டயரோடு பிடித்துவைக்க அதன் எடையைப்போல் 90 மடங்குக்கு மேல் விசை வேண்டும் என்று விடை வரும். பிடி அவ்வளவு வலுவாக இல்லாவிட்டால் துணுக்கு பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும். லாரிகளின் சக்கரத்துக்குப் பின்னால் ரப்பர்த் திரை தொங்குவது இதைத் தடுக்கத்தான்.

இனி, தார் என்பது என்ன என்று பார்ப்போம்.

நாம் தார் என்று சொல்வதில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. நிலக்கரியைக் காற்றுப் படாமல் சூடாக்கிக் கல்கரி செய்யும்போது கிடைக்கும் கரிய திரவம் நிலக்கரித் தார். முற்காலத்தில் சாலைகளுக்கு இதைத்தான் ஊற்றினார்கள். தார் ரோடு என்ற பெயரும் அப்போது வந்ததுதான். இப்போது நம் சாலைகளில் இருப்பது கச்சா எண்ணெயிலிருந்து வருவது. சென்னை மணலியில் 1969இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கிறார்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் ஒவ்வொன்றாக ஆவியாகிப் பிரிந்த பிறகு, எதற்கும் ஆவியாகாமல் அடியில் தங்கும் கனத்த வண்டல் இருக்கிறதே, அதிலிருந்துதான் சாலைத் தார் கிடைக்கிறது. இதற்குத் தமிழில் நிலக்கீல் என்று அழகான பெயர் உண்டு. மரக்கலங்களில் பலகை இடுக்குகளை அடைக்கப் பூசிய பிசினுக்குக் கீல் என்று பெயர். அந்தச் சொல்தான் இங்கே உதவிக்கு வந்திருக்கிறது.

இந்தப் பெயர் வேறுபாடு வெறும் சொல் விளையாட்டல்ல. 1915இல் ஜப்பானில் யாமகிவா, இச்சிகாவா என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் முயல்களின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்கில் தடவி, புற்றுநோய் உண்டாவதைக் காட்டினார்கள். அந்தத் தீங்கைச் செய்யும் பொருள்கள் நிலக்கீலில் மிகமிகக் குறைவு. ஆயினும் அதைக் கையில் பூசிக்கொண்டு விளையாடலாம் என்று பொருளல்ல.

தார் திடப்பொருளா, திரவமா? காலையில் சுத்தியலால் தட்டினால் கண்ணாடிபோல் தெறிக்கிறது. மதியம் செருப்பில் ஒட்டுகிறது. உண்மையில் அது மிகவும் சோம்பேறியான ஒரு திரவம்! ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர், தாரின் நெருங்கிய உறவான கீலை 1927இல் ஒரு கண்ணாடிப் புனலில் ஊற்றி வைத்தார். மூன்று ஆண்டுகள் அதை அமர விட்டு, 1930இல் புனலின் அடிமுனையை வெட்டினார். அன்றுமுதல் அது சொட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை சொட்டு தெரியுமா? 2014 வரை ஒன்பதே சொட்டு! பேராசிரியர் மறைந்து பல ஆண்டுகளான பின்பும் புனல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

சூடு ஏற ஏற இந்தச் சோம்பல் குறையும். நம் சாலைகளில் பெரும்பாலும் பயன்படும் தார் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கிவிடும். மே மாதத்தில் தஞ்சையின் காற்று 38, 40 டிகிரியைத் தொடுகிறது. கறுப்புச் சாலையோ வெயிலை முழுவதும் வாங்கிக்கொண்டு 60 டிகிரியையும் தாண்டும். தார் அதிகமாக ஊற்றிய இடங்களில் அது கசிந்து பளபளப்பது இதனால்தான். சைக்கிள் டயர் அங்கே சர்ரென்று ஒலி எழுப்புவதைக் கேட்டிருப்பீர்கள்.

சரி, தண்ணீர் ஏன் தோற்கிறது?

தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் மறுபக்கம் சற்றே எதிர்மின் தன்மையும் கொண்டது. ஒன்றன் நேர்ப்பக்கம் மற்றதன் எதிர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, தண்ணீர் மூலக்கூறுகள் தமக்குள் கைகோத்து நிற்கின்றன. சர்க்கரைக்கும் உப்புக்கும் இப்படிப் பிடித்துக்கொள்ளக் கை உண்டு; ஆகவே அவற்றைத் தண்ணீர் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது. தார் பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பெரிய பெரிய மூலக்கூறுகளால் ஆனது. மின் தன்மையில் அவை ஏறக்குறைய நடுநிலையானவை. தண்ணீருக்குப் பிடிக்க அங்கே கை இல்லை. கோத்த கைகளை விட்டுவிட்டுத் தாருக்கு இடம்கொடுக்கத் தண்ணீருக்கு என்ன அவசியம்?

ஆனால் டீசலும், மண்ணெண்ணெயும், தேங்காயெண்ணெயும் வேறு வகை. முதல் இரண்டும் தார் பிறந்த அதே கச்சா எண்ணெயில் பிறந்தவை. தேங்காயெண்ணெய் மரத்திலிருந்து வந்தாலும், அதன் மூலக்கூறிலும் நீண்ட கரி-ஹைட்ரஜன் சங்கிலிகளே பெரும்பகுதி. இவை தாருக்குள் தாராளமாகப் புகுந்து, அதன் பெரிய மூலக்கூறுகளை ஒன்றுக்கொன்று விலக்கி, இளக்கிக் கரைத்துவிடும். முள்ளை முள்ளால் எடு என்கிறோமே, அதுபோல எண்ணெயிலிருந்து வந்ததை எண்ணெயால்தான் எடுக்க வேண்டும்.

அப்படியானால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் சோப்பு, தாரை மட்டும் ஏன் விட்டுவிடுகிறது? சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெய் முனை பிசுக்குக்குள் குத்திக்கொண்டு, அதைச் சிறு சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீரில் மிதக்கவிடும். பிசுக்கு இளகியிருந்தால்தான் இது நடக்கும். இறுகிய தாரைத் துளியாக உடைக்க முடியாது. எனவே வரிசை முக்கியம்: முதலில் எண்ணெய், பிறகு சோப்பு, கடைசியில் தண்ணீர்.

காரில் இதை எப்படிச் செய்வது? முதலில் நிழலில் நிறுத்தி, உடல் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு சுத்தமான தண்ணீரால் மணலையும் புழுதியையும் கழுவிவிட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தாரைத் துடைக்கும் துணியில் நாலு மணல் துகள் சிக்கினால் அது உப்புத்தாளாக மாறிவிடும். காரின் மேற்பூச்சு முழுவதும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் பழைய பருத்தித் துணியைத் தேங்காயெண்ணெயில் நனைத்துப் புள்ளியின்மேல் ஒற்றி, பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். தேய்க்கக் கூடாது. எண்ணெய் தன் வேலையைச் செய்யட்டும்! பிறகு மெல்லத் துடைத்தால் துணியில் பழுப்புக் கறை ஏறும். துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பித் திருப்பித் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரிடத்துத் தாரை எடுத்து இன்னோரிடத்தில் பூசியதாகும். ஒருமுறையில் போகாத புள்ளிக்கு மறுபடியும் எண்ணெய் வைக்கலாம். கடைசியில் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கும் போய்விடும்.

நாளாக ஆக வேலை கடினமாகும். தாரிலுள்ள இலேசான எண்ணெய்ப் பகுதி வெயிலில் மெல்லப் பறந்துபோகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மீதியை இறுக்குகிறது. அதற்குள் தாரின் பழுப்பு எண்ணெய் வண்ணத்துக்குள் ஊறிவிட்டால், புள்ளி போனாலும் கறை நிற்கும்.

ஒரே ஒரு சமயத்தில் மட்டும் தண்ணீரே போதும். சாலையில் ஜல்லிக் கலவை கொட்டுவதற்கு முன்னால் காப்பிப் பொடி நிறத்தில் ஒரு திரவத்தைத் தெளிக்கிறார்களே, அது தார்ப் பால்மம். நுண்ணிய தார்த்துளிகள் தண்ணீரில் மிதக்கும் கலவை அது. பழுப்பாக இருக்கும்வரை தண்ணீர் ஊற்றினாலே கழுவிக்கொண்டு போய்விடும். நீர் பிரிந்து, தார்த்துளிகள் ஒன்றுசேர்ந்து கறுத்துவிட்டால் பிறகு எண்ணெயைத்தான் தேட வேண்டும். பழுப்பா, கறுப்பா என்று பார்த்தாலே எது வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

பட்டறைகளில் பெட்ரோலால் துடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் விரைவாகக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரில்கூட, ஒரு பொறி பட்டால் குப்பென்று பற்றுமளவுக்கு அதிலிருந்து ஆவி எழும். மண்ணெண்ணெயில் அந்த அளவு ஆவி எழ 40 டிகிரிக்குப் பக்கத்தில் வெப்பம் வேண்டும். அப்படியானால் மண்ணெண்ணெய் ஆபத்தில்லாதது என்று தோன்றுகிறதல்லவா? இங்கேதான் நம் ஊர் வெயிலைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வைகாசி நண்பகலில் வெட்டவெளியில் நிற்கும் காரின் மேல்தகடு 60 டிகிரியைத் தாண்டிவிடும். அதன்மேல் ஊற்றிய மண்ணெண்ணெய், நடத்தையில் பெட்ரோலுக்குத் தம்பியாகிவிடும்! குளிர் நாட்டுப் புத்தகத்தில் படித்த பாதுகாப்பு, தஞ்சாவூர் வெயிலில் செல்லுபடியாகாது. தேங்காயெண்ணெய்க்கு இந்தத் தொல்லை இல்லை. பொறுமை மட்டும் சற்று வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேலையெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை. நீங்கள் கைவைக்க வேண்டாம்.

வண்ணத்தைப் பற்றி இன்னொரு செய்தி. தொழிற்சாலையில் பூசும் வண்ணத்தைச் சூட்டு அறையில் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகிவிடுகின்றன. வலையைக் கரைப்பது கடினம். ஆனால் அடிபட்ட காருக்குச் சில சிறு பட்டறைகளில் அடிக்கும் நைட்ரோ செல்லுலோஸ் வண்ணம் இப்படிப் பின்னுவதில்லை. தின்னர் ஆவியானதும் காய்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். அதன்மேல் தின்னரை மறுபடி தொட்டால் தாருக்கு முன்னால் வண்ணம் கரைந்துவிடும். எந்தக் கரைப்பானாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சக்கரத்துக்கு வந்தால் எண்ணெயே எதிரியாகிவிடுகிறது. டயரின் ரப்பரும் கரி-ஹைட்ரஜன் சங்கிலிதான். ஆகவே தாரை இளக்கும் டீசலும் மண்ணெண்ணெயும் ரப்பருக்குள்ளும் புகுந்து அதை ஊதவைத்துப் பலவீனப்படுத்தும். டயரில் ஒட்டிய தாரை அப்படியே விட்டுவிடலாம். பத்து மைல் ஓடினால் சாலையே தேய்த்து எடுத்துவிடும். உலோக வளையத்தில் ஒட்டியதை மட்டும், எண்ணெய் வழியாதபடி துணியில் தொட்டு எடுக்க வேண்டும். வழிந்து பிரேக் தட்டில் இறங்கினால் என்ன ஆகும்? பிரேக் என்பது முழுக்க முழுக்க உராய்வை நம்பிய கருவி. எண்ணெய் என்பது உராய்வைக் குறைக்கவே நாம் போடும் பொருள். அப்படி எண்ணெய் பட்டுவிட்டால், மெக்கானிக் சுத்தம் செய்து தரும்வரை காரை எடுக்கக் கூடாது. இதில் விளையாட்டே கிடையாது.

அலுமினியக் கலவைச் சக்கரமானால் சலவைச் சோடாவையும் தவிர்க்க வேண்டும். அலுமினியப் பாத்திரத்தில் சோடாவைப் போட்டுக் கொதிக்கவைத்தால் உள்பக்கம் கறுத்துப்போகும். காரம் அலுமினியத்தை அரிப்பதால் வருவது அது. சக்கரத்தின் மேலிருக்கும் மெல்லிய பூச்சு எங்காவது பெயர்ந்திருந்தால் அங்கேயும் இதே கதைதான்.

கார் சுத்தமாகிவிட்டது. கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்து முன்பின்னாகும். வறண்டு கிடந்த வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், காரையும் டிராக்டரையும் கரையில் இறக்கிக் கழுவுவதை நம் பக்கத்தில் எங்கும் காணலாம். மாடு குளித்த துறையில் டிராக்டர் குளித்தால் என்ன என்று நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல் தண்ணீரின்மேல் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்குப் பரவுவதாகக் கொள்வோம். ஒரு லிட்டர் என்பது ஒரு கன மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கனத்தால் வகுத்தால் பரப்பு 1,000 சதுர மீட்டர்! அதாவது ஏறக்குறைய 25 சென்ட். நம் ஊர்க் கணக்கில் ஒரு மா என்பது 33 சென்ட். ஆக, ஒரே லிட்டர் டீசல் முக்கால் மா நிலத்தில் தேங்கிய தண்ணீரை மூடிவிடப் போதுமானது. ஒரு காலத்தில் மலேரியாவை ஒழிக்கக் குட்டைகளில் எண்ணெய் தெளித்தார்கள். கொசுப்புழு மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மடிவதற்காக அப்படிச் செய்தார்கள். நாற்றங்காலுக்குப் போகும் தண்ணீரில், வேண்டிய பூச்சி எது, வேண்டாத பூச்சி எது என்று எண்ணெய்ப் படலம் பார்க்காது. துடைத்த துணியைத் தனியாக எடுத்துவைத்து, வாய்க்காலையும் கிணற்றையும் விட்டுத் தள்ளி, கெட்டித் தரையில் ஒரு வாளித் தண்ணீரில் கழுவினால் போதும். தேங்காயெண்ணெயானால் நுண்ணுயிர்கள் அதை விரைவில் தின்று தீர்த்துவிடும்.

இப்போது ஒரு சோதனை. சாலை வேலை முடிந்து ஆட்கள் போன பிறகு, ஓரத்தில் ஆறிக் கிடக்கும் தாரில் கடலைப்பருப்பு அளவு இரண்டு துண்டு பொறுக்கிக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது கிட்டே போக வேண்டாம். கொதிக்கும் தார் 150 டிகிரிக்கு மேல் இருக்கும், பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு சிறு கண்ணாடிப் புட்டிகளில் ஒவ்வொரு துண்டாகப் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் தேங்காயெண்ணெயும் மூழ்குமளவுக்கு ஊற்றி மூடி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மறுநாள் காலையிலும் பாருங்கள். தண்ணீர் தெளிவாகவே இருக்கும். எண்ணெய் மெல்ல மெல்லத் தேநீர் நிறத்துக்கு வரும். அந்தப் பழுப்பு எண்ணெயில் பாதியை இன்னொரு புட்டியில் ஊற்றி, வெறும் தண்ணீர் சேர்த்துக் குலுக்குங்கள். சிறிது நேரத்தில் இரண்டும் பிரிந்துவிடும். மீதிப் பாதியில் சோப்புத் தண்ணீர் சேர்த்துக் குலுக்குங்கள். பால் விட்ட காப்பிபோல் கலங்கி அப்படியே நிற்கும். எவ்வளவு நேரம் பிரியாமல் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சோப்பைக் கூட்டியும் குறைத்தும் செய்து பார்த்தால் அந்த நேரம் எப்படி மாறுகிறது என்பதும் தெரியும்.